காற்றாலை வாங்கிய கிராம ஊராட்சி: ஓடந்துறை சண்முகம் 10 வருஷத்துல செஞ்சது என்ன? முழு விவரம்

"ஊராட்சித் தலைவர் என்ன செய்ய முடியும்? தெருவிளக்கு மாத்தலாம், குழாய் ரிப்பேர் பாக்கலாம், அவ்வளவுதானே?" என்பது பல ஊர்களில் கேட்கும் பேச்சு. அந்தப் பேச்சுக்கு எதிராக எப்பவும் சொல்லப்படும் பெயர், கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் 2006 வரை அங்கே தலைவராக இருந்தவர் ஆர்.சண்முகம்.

பிரச்சினை எங்க ஆரம்பிச்சது?

நீலகிரி மலையடிவாரத்தில், சிறு சிறு குடியிருப்புகளாகப் பரவிக் கிடக்கும் ஊராட்சி இது. சண்முகம் பதவிக்கு வந்தபோது முதல் தேவை குடிநீர். பவானி ஆற்றுத் தண்ணீரைக் குடியிருப்புகளுக்குக் கொண்டு வர திட்டம் போடப்பட்டது. தண்ணீர் வந்தது. கூடவே மோட்டார் ஓடும் கரண்ட் பில்லும் வந்தது.

குடிநீர் மோட்டார், தெருவிளக்கு இரண்டுக்கும் பில் கட்ட வேண்டியது ஊராட்சிதான். சில ஆயிரங்களில் இருந்த மாத பில், சில வருஷங்களில் பல மடங்கு ஏறியது. வரி வருமானம் எல்லாம் பில்லுக்கே போனால், ரோடு, சாக்கடை, வீடு எதற்கும் காசு மிஞ்சாது. இன்றைக்கும் பல சின்ன ஊராட்சிகளின் தலைவலி இதுதான்.

காற்றாலை யோசனை எப்படி வந்தது?

எடுத்த எடுப்பிலேயே காற்றாலைக்குப் போகவில்லை. முதலில் சில இடங்களில் சோலார் தெருவிளக்கு. அடுத்து, மரக்கழிவை எரித்து மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் எரிவாயு சாதனம். செலவு குறைந்தது, ஆனால் முழுத் தேவைக்கும் அது போதவில்லை.

அதன் பிறகுதான் 350 கிலோவாட் காற்றாலை. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சி சேர்த்து வைத்திருந்த சுமார் 40 லட்சம் போக, மீதி வங்கிக் கடன். 2006-ல் காற்றாலை ஓடத் தொடங்கியது.

அப்போ ஊருக்கே இலவச மின்சாரமா?

இல்லை. வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுகிறது, ஆனால் உண்மை வேற. காற்றாலை ஊருக்குள் இல்லை. காற்று நன்றாக அடிக்கும் உடுமலைப்பேட்டை பக்கம் அது நிற்கிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் நேராக மின்வாரியத்தின் கம்பியில் ஏறுகிறது. அதற்கான பணம் ஊராட்சிக்குக் கணக்காகிறது.

அப்போது வெளியான செய்திகளின்படி, வருஷத்துக்கு சுமார் 7 லட்சம் யூனிட் உற்பத்தி. ஊராட்சியின் சொந்தத் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். தேவைக்கு மேல் கிடைப்பது லாபம். கடன் தவணையும் இந்த வருமானத்தில் இருந்தே கட்டப்பட்டது. வீடுகளுக்கான கரண்ட் பில்லை மக்கள் வழக்கம்போல கட்டத்தான் வேண்டும்.

இதோடு, அரசுத் திட்டங்கள் மூலம் குடிசைகளை மாற்றி நூற்றுக்கணக்கான கான்கிரீட் வீடுகளும் கட்டப்பட்டன. வெளிமாநில, வெளிநாட்டுக் குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஊராக ஓடந்துறை மாறியது.

தலைவருக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கா?

இருக்கு. 73-வது அரசியல் சட்டத் திருத்தம், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இரண்டும் கொடுத்த அதிகாரம் அது. இந்தச் சட்டத்தின் கீழ் 1996-ல் நடந்த முதல் தேர்தலில் வந்தவர்தான் சண்முகமும். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஊராட்சியின் சொந்த வருமானம். ஆனால் தலைவர் தனியாகக் காசு எடுக்க முடியாது. காசோலையில் துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். வரவு செலவை கிராம சபையில் வைக்க வேண்டும்.

உங்க ஊர் கணக்கை எப்படிப் பார்ப்பது?

* கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.
* இ-கிராம் ஸ்வராஜ் தளம்: ஊராட்சியின் திட்டமும் செலவும் மொபைலிலேயே தெரியும்.
* தகவல் அறியும் உரிமைச் சட்டம்: பில், ஒப்பந்த நகல்களைக் கேட்டு வாங்கலாம்.

இப்போ ஏன் இது முக்கியம்?

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அந்தப் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. 2016-க்குப் பிறகும் தேர்தல் தள்ளிப்போய், 3 வருஷத்துக்கும் மேல் இதே நிலை இருந்தது.

அதிகாரி பில் கட்டுவார், ரிப்பேர் பார்ப்பார். ஆனால் கடன் வாங்கி காற்றாலை வைக்கலாமா என்ற முடிவை எடுத்து, அதற்கு ஊர் முன்னாடி பதில் சொல்ல, ஊர் ஓட்டுப் போட்ட ஒருவர் வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் "ஊராட்சி கரண்ட் பில் மாசம் எவ்வளவு, அதைக் குறைக்க என்ன திட்டம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்க. பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.