பெருக்கி வைத்த வீடு

வெறுமை என்ற சொல் தமிழ்ப் புதுக்கவிதைக்குள் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. 1959இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியதற்குப் பின் வந்த கவிதைகளில் இச்சொல்லும், இதன் உறவினர்களான சூன்யம், அபத்தம், அந்நியமாதல் முதலியனவும் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றின் பின்னால் சார்த்தர், காம்யு என்ற பெயர்கள் நிற்கின்றன. அவர்களுக்கும் பின்னால் நிற்பது கிறிஸ்தவ ஐரோப்பா. அங்கே ஒரு கடவுள் இருந்தார், போய்விட்டார், அவர் இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. ஐரோப்பியக் கவிஞன் வெறுமை என்னும்போது அந்தக் காலி இடத்தைக் கைகாட்டுகிறான். நாம் எதைக் கைகாட்டுகிறோம்? நம் வெறுமை எந்தக் கடவுள் போனதால் வந்தது?

இக்கேள்வியைக் கிறிஸ்தவத்தின் பக்கமிருந்து அணுகிப் பார்க்க விரும்புகிறேன். நான் சபைக்குள் பிறந்தவன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வெறுமையைப் பற்றிக் கிறிஸ்தவம் சொன்னது பலரும் நினைப்பதைவிடச் சிக்கலானது. மத்தேயுவிலும் லூக்காவிலும் ஒரு சிறு உவமை உண்டு. ஒரு மனிதனை விட்டுப் போன அசுத்த ஆவி எங்கும் இளைப்பாற இடமில்லாமல் திரும்பி வருகிறது. பழைய வீடு பெருக்கிச் சுத்தமாக, ஆளில்லாமல் இருக்கிறது. தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு அது குடியேறுகிறது. மனிதனின் பின்னிலை முன்னிலையைவிடக் கேடாகிறது. வெறுமை நடுநிலையானதல்ல, அது நீடித்து வெறுமையாக இருப்பதுமில்லை என்பது இதன் பொருள். சத்தியமங்கலம் வழியாகவும் கொங்கு வழியாகவும் போன சில கிறிஸ்தவர்களின் சரித்திரத்தை இந்த உவமையோடு சேர்த்துப் படிக்கலாம்.

1

சத்தியமங்கலம் பவானிக் கரையில், மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் கணவாய்களின் அடியில் இருக்கிறது. மதுரை நாயக்கருக்கும் மைசூர் உடையாருக்கும் இடையில் கைமாறிய ஊர். படைகள் போன வழியில் சாமியார்களும் போனார்கள். ராபர்ட் டி நொபிலி 1606இல் மதுரையில் கால்வைத்தபின் வளர்ந்த சேசு சபை மிஷனுக்கு, 17ஆம் நூற்றாண்டில் சத்தியமங்கலம் ஒரு நிலையமாக இருந்தது. அருளானந்தர் என்று நாம் அறியும் ஜான் டி பிரிட்டோ 1674இல் மலையாளக் கரையிலிருந்து மலை தாண்டித் தம் முதல் பணியிடத்துக்குப் போனது இவ்வூர் வழியாகத்தான். 1693இல் அவர் ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார்.

இவர்கள் கண்ட நாட்டில் வெறுமை இல்லை. வீடு நிறைந்திருந்தது, ஆனால் தவறான தெய்வங்களால் நிறைந்திருந்தது என்பது அவர்கள் எண்ணம். வீட்டுக்காரனை மாற்ற வந்தவர்கள் அவர்கள். வீட்டின் தடுப்புச் சுவர்களை அவர்கள் தொடவில்லை. மேல்சாதியினருக்கு நொபிலியைப் போன்ற சந்நியாசிக் குருக்கள் இருந்தார்கள். மற்றவர்களுக்காக 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் வந்தார்கள். சுவிசேஷம் ஒன்று, அதைக் கொண்டுபோகும் வேடம் இரண்டு. இதைத் தந்திரம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. வெயிலிலும் சிறையிலும் உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். என்றாலும், தெய்வத்தை மாற்றினால் போதும், தடுப்புகள் தாமே விழும் என்று நம்பினார்கள். தடுப்புகள் விழவில்லை. தெய்வம்தான் தடுப்புக்கு இரு பக்கமும் தனித்தனியாக உட்கார வேண்டியதாயிற்று.

2

1773இல் போப் சேசு சபையைக் கலைத்தார். மிஷன் பாரிஸ் அயல்நாட்டு மிஷன் சபையின் கைக்குப் போயிற்று. அச்சபையின் குருவாக வந்தவர் அபே துபுவா. 1792இல் குருப்பட்டம் பெற்று அதே ஆண்டில் பிரான்சை விட்டுப் புறப்பட்டவர். அந்தச் செப்டம்பரில் பாரிஸ் சிறைகளில் குருக்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு நோத்ர தாம் பேராலயத்தில் பகுத்தறிவுத் தேவிக்கு விழா எடுத்தார்கள். வீட்டைப் பெருக்கிக் காலி செய்ததும் இன்னொரு தெய்வம் உடனே வந்து உட்கார்ந்துகொண்டது. ஐரோப்பாவின் வெறுமை பிறந்த நாட்களில் அதை விட்டுக் கொங்குநாட்டுக்கு வந்தவர் துபுவா என்று சொன்னால் மிகையாகாது.

அவர் கொங்கிலும், 1799இல் திப்பு வீழ்ந்தபின் மைசூரிலும் ஊழியம் செய்தார். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் தந்த கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 வராகனுக்கு வாங்கி 1816இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதன் பெரும்பகுதி கேர்தூ என்ற முந்தைய சேசு சபைக் குருவின் எழுத்திலிருந்து எடுத்தது என்று 1987இல் சில்வியா முர் காட்டினார். எடுத்தாண்டதாகவே இருந்தாலும், அதைத் தம் பெயரில் தந்தவரின் மனம் அதில் தெரியத்தான் செய்கிறது. சாதி அமைப்பை இந்துச் சட்டம் செய்தவர்களின் சிறந்த சாதனை என்று அந்நூல் புகழ்கிறது. சாதி இல்லையேல் இந்த மக்கள் காட்டுமிராண்டி நிலைக்குப் போயிருப்பார்கள் என்கிறது.

இந்தப் புகழ்ச்சியை ஒரு கிறிஸ்தவக் குருவின் முரண்பாடு என்று விட்டுவிடக்கூடாது. தம் நாட்டில் ராஜா, குரு, பிரபு என்ற ஒழுங்கு ஒரே அடியில் சரிந்த காலத்தில் வந்தவர் அவர். சரியாத ஒழுங்கு ஒன்றை இங்கே பார்த்தார். அதில் மேலே இருப்பவன் யார், மிதிபடுபவன் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. வெறுமைக்குப் பயந்தவன் எந்த ஒழுங்கையும் கும்பிடுவான். பண்பாடு சீரழிந்துவிட்டது என்று இன்று புலம்புகிறவர்களின் குரலில் நான் துபுவாவைக் கேட்கிறேன்.

1823இல் அவர் ஊர் திரும்பினார். அவ்வாண்டு வெளியிட்ட கடிதங்களில், இந்துக்களை மதம் மாற்றுவது நடவாத காரியம் என்றார். 25 ஆண்டுகளில் தாம் சேர்த்தது 200க்கும் 300க்கும் இடைப்பட்ட பேர், அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோரும் பிச்சைக்காரர்களும் என்று கணக்குக் கொடுக்கிறார். அந்தக் கணக்கின் தொனியில் ஒரு வெட்கம் இருக்கிறது. தச்சன் மகன் என்று ஊரார் இகழ்ந்த ஒருவரை ஆண்டவர் என்று கூறும் மதத்தின் குரு, பிச்சைக்காரர்கள் வந்ததைத் தோல்வியாக எண்ணுகிறார். இன்னொரு கணக்கும் அவருக்கு உண்டு. 1803-04இல் அவர் முயற்சியால் 25,000க்கும் மேற்பட்டோருக்கு அம்மைப்பால் வைக்கப்பட்டது. அவர் கொண்டுவந்த மதத்தைவிட அவர் கொண்டுவந்த விஞ்ஞானம் எளிதாக ஜனங்களின் தோலுக்குள் நுழைந்தது. நவீன யுகம் நம்மிடம் வந்தது இப்படித்தான். நம் தெய்வங்களை வெளியேறச் சொல்லவில்லை. பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்தது.

3

துபுவாவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இன்னொருவர் எதிர்த்திசையில் போனார். லெஸ்லி நியூபிகின் 1936இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-ராமநாதபுரத்தின் பேராயரானார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். ஓய்வு பெற்றதும் மனைவியோடு, இரண்டு பெட்டிகளும் ஒரு முதுகுப் பையுமாக, பஸ்களில் ஏறி இறங்கித் தரைவழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். வழியில் துருக்கியின் கப்படோக்கியா. நான்காம் நூற்றாண்டில் பசிலியும் கிரகோரிகளும் வாழ்ந்த பிரதேசம். ஞாயிறன்று சேர்ந்து ஆராதிக்க ஒரு கிறிஸ்தவர்கூட அங்கே கிடைக்கவில்லை. கணவனும் மனைவியும் இருவராகவே ஆராதித்தார்கள். ஒரு சபை சுவடில்லாமல் மறைந்து போகக்கூடும் என்பதை அங்கே உணர்ந்ததாக அவர் எழுதுகிறார்.

இங்கிலாந்தில் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது நம்பிக்கையின்மை. சென்னையின் மோசமான சேரியில்கூட நாளை நன்றாக இருக்கும் என்ற நினைப்பு இருந்தது, இங்கே அது இல்லை என்றார். 1973இல் பாங்காக் மாநாட்டில் இந்தோனேசியாவின் ஜெனரல் சிமாதுபாங், மேற்கை மனந்திருப்ப முடியுமா என்பதே முதற்கேள்வி என்று சொன்னதை அவர் மறக்கவில்லை. 1980இல் பர்மிங்ஹாமில், சிறைச்சாலை எதிரிலிருந்த ஒரு தேய்ந்துபோன சிறு சபையை ஏற்றுக்கொண்டார். 1983இல் ‘1984இன் மறுபக்கம்’ என்ற சிறு நூலும், 1986, 1989இல் பெரிய நூல்களும் வந்தன.

அவருடைய வாதம் இது. நவீன ஐரோப்பா உலகத்தை இரண்டாக வெட்டியது. ஒரு பக்கம் உண்மைகள். இவை பொதுவானவை, விஞ்ஞானத்துக்கு உரியவை. மறுபக்கம் மதிப்பீடுகள்; இவை அவரவர் சொந்த விஷயம். உண்மைகளின் உலகத்திலிருந்து ‘எதற்காக’ என்ற கேள்வி வெளியேற்றப்பட்டது. ஒரு இயந்திரம் எதற்காக என்று தெரியாதவன் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. கோவைப் பட்டறையில் ஒரு பம்புசெட் மோட்டாரைக் கழற்றி, ஒவ்வொரு உறுப்பையும் அளந்து, எடை போட்டு எழுதிவிடலாம். தண்ணீர் என்ற ஒன்றைக் கேள்விப்படாதவனுக்கு அது கடைசிவரை இரும்புதான். மனிதனைப் பற்றிய நவீன அறிவு அப்படி ஆகிவிட்டது என்கிறார் நியூபிகின். காலியான பொதுவெளி காலியாக இருக்கவில்லை. தேசமும் சந்தையும் அதில் தெய்வங்களாக ஏறிவிட்டன. அவர் சொல்வது மதமற்ற சமுதாயத்தை அல்ல, புதிய விக்கிரகங்களின் சமுதாயத்தை.

இந்தப் பார்வை அவருக்குத் தமிழ்நாட்டில்தான் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிடதமும் யோவான் சுவிசேஷமும் மாறி மாறிப் படித்தவர் அவர். மடத்துக் கூடத்தில் இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடு நடந்தது. இது மதமாற்றத்தின் முதற்படியல்ல, இயேசு இந்து உலகநோக்குக்குள் சாதுவாகப் பொருத்தப்பட்டுவிட்டார் என்று கண்டார். பின்னர் இங்கிலாந்து போனபோது, தம் சொந்தச் சபையும் இதே காரியத்தை நவீன உலகநோக்குக்குச் செய்துவிட்டது என்று புரிந்தது.

நியூபிகினோடு எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. சென்னைச் சேரியில் அவர் கண்ட நம்பிக்கை பெரும்பாலும் நவீன யுகம் தந்த நம்பிக்கைதான். மகன் படிப்பான், வேலை கிடைக்கும், தெருவில் தலைநிமிர்ந்து நடப்பான் என்ற நம்பிக்கை. தாழ்த்தப்பட்டவனுக்குப் பழைய ‘எதற்காக’ எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து வெளியேறியது அவனுக்கு இழப்பல்ல. நோக்கம் வெளியேறியதற்காக வருந்தும்போது, யாருடைய நோக்கம் என்றும் கேட்க வேண்டும். இதைக் கேட்காவிட்டால் நியூபிகினிலிருந்து துபுவாவுக்கு நழுவிவிடுவோம்.

4

பவானி, காவிரியில் கலந்து கிழக்கே போகிறது. அந்தக் காவிரிக் கரையில், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், 1950இல் மோன்ஷனேன், லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்று பெயர். காவி கட்டினார்கள், குடிசையில் இருந்தார்கள். மோன்ஷனேனுக்குச் சீடர்கள் நிலைக்கவில்லை. 1957இல் சிகிச்சைக்குப் போன பாரிஸில் இறந்தார். லெ சோ அத்வைத அனுபவத்துக்கும் கிறிஸ்துவுக்கும் இடையில் கிழிபட்டு இமயத்துக்குப் போனார். 1973இல் இந்தூரில் இறந்தார். 1968இல் ஆசிரமத்தை ஏற்ற பீட் கிரிஃபித்ஸ் காலத்தில்தான், மேற்கில் சோர்ந்தவர்கள் அங்கே திரளாக வந்தார்கள்.

கணக்குப் பார்த்தால் மோன்ஷனேனுடையது துபுவாவைவிட மோசமான தோல்வி. ஆனால் அவர் கணக்கு எழுதவில்லை. கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கிக்கொண்டு அடிமையின் உருவெடுத்தார் என்ற பவுலின் கருத்து கிறிஸ்தவத்தின் மையத்தில் இருக்கிறது. இங்கே வெறுமை இழப்பு அல்ல. உயரத்திலிருப்பவர் தாமாகவே இறங்கி வருவது. வீடு காலியாவது வேறு. வீட்டுக்காரன் தன்னைக் காலி செய்துகொள்வது வேறு. நம் கவிதை இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லி வந்திருக்கிறது.

5

சத்தியமங்கலத்துக்கு மேற்கே 1948 முதல் 1955 வரை பவானிசாகர் அணை கட்டப்பட்டது. மைசூர் வழிக்குக் காவலாக இருந்த தணாய்க்கன் கோட்டை நீருக்குள் போயிற்று. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெற்றது. தண்ணீர் இறங்கும் ஆண்டுகளில் பழைய கோயில் சேற்றிலிருந்து எழுந்து நிற்கிறது, ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். கொங்கின் நவீன வாழ்வுக்கு இது பொருத்தமான படம். எதுவும் இங்கே போய்விடவில்லை. மூழ்கியிருக்கிறது.

ஆகவே நம் வெறுமை ஐரோப்பிய வெறுமை அல்ல. இங்கே பண்ணாரியில் குண்டம் இறங்கக் கூட்டம் குறையவில்லை, ஜெபவீடுகளும் குறையவில்லை. வீட்டைப் பெருக்கவே இல்லை. புதுச் சாமான்களை உள்ளே இறக்கினோம். 1990களிலிருந்து கொங்கின் நூற்பாலைகளில் கிராமத்துப் பெண்பிள்ளைகள் ஒப்பந்தத்தில் அடைபட்டு வேலை செய்தார்கள். முடிவில் கிடைக்கும் தொகை கல்யாணத்துக்கு. அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். இயந்திரம் புதியது, அதை ஓட்டியது வரதட்சணை. 2015இல் திருச்செங்கோட்டில், கோயிலில் வேற்றுச் சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஒரு தலித் பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டார். அவர் உடல் ரயில் பாதையில் கிடந்தது. 2022இல் நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை அளித்தது. செத்தவருக்குப் பொறியியல் தெரியும். கொன்றவர்களிடமும் கார்கள் இருந்தன. துபுவா புகழ்ந்த ஒழுங்கு அது.

இதற்கு முன்னால் நின்றுகொண்டு ‘ஆன்மிக வெறுமையை நிரப்புவோம்’ என்று சபையோ மடமோ கூப்பிடும்போது நான் தயங்குகிறேன். எதனால் நிரப்புவீர்கள்? சேசு சபையார் தடுப்புச் சுவர்களை விட்டுவைத்து நிரப்பினார்கள். துபுவா சுவர்களையே புகழ்ந்தார். கோவை, ஈரோடு வட்டாரத்துச் சபைகளில் கல்யாணப் பேச்சு வரும்போது இன்றும் முதலில் எதைக் கேட்கிறோம் என்பது நமக்குத் தெரியும்.

கிறிஸ்தவம் நவீனத் தமிழனுக்குத் தரக்கூடியது இன்னொரு நிரப்பு அல்ல என்று நினைக்கிறேன். அது இரண்டு எச்சரிக்கைகளைத் தரலாம். காலியான வீடு காலியாக இராது என்பது ஒன்று. இதை நியூபிகினிடம் கற்கலாம். நம் வீடு காலியே ஆகவில்லை என்பது மற்றது. இதை யாரும் வெளியிலிருந்து வந்து நமக்குச் சொல்ல முடியாது. பெருக்க வேண்டியது இன்னும் உள்ளே இருக்கிறது. அதைச் செய்யாமல் வெறுமை என்று எழுதுகிற கவிதை, இல்லாத காலி அறையைப் பற்றி எழுதுகிறது.