பதிப்பு எண் இல்லாத இயங்குதளம்

சென்ற பருவத்தில் ஒரு நாள், சுவடிப் பதிப்பு வரலாறு குறித்த பாடத்தை முடித்து மடிக்கணினியை மூடும் வேளையில், முதுகலை முதலாண்டு மாணவர் ஒருவர் அருகில் வந்து திரையை எட்டிப் பார்த்தார். "ஐயா, இது எந்த விண்டோஸ்?" என்று கேட்டார். விண்டோஸ் அன்று, ஆர்ச் லினக்ஸ் என்றோம். "சரிங்க ஐயா, எத்தனையாவது வெர்ஷன்?" என்றார். இதற்கு வெர்ஷன் கிடையாது என்று நாம் சொன்ன விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆசிரியர் மழுப்புகிறார் என்று நினைத்திருக்கக் கூடும். 'வெர்ஷன்' என்பதற்குக் கணித்தமிழில் வழங்கும் சொல் 'பதிப்பு'. ஒரு மணி நேரம் பதிப்புகளின் அருமையைப் பேசிவிட்டு, பதிப்பே இல்லாத ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் நமக்கே உறைத்தது. அம்மாணவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே சற்று விரிவாகவே எழுதிப் பார்க்கிறோம்.

பதிப்பு என்னும் கருத்து நம்மிடம் அச்சோடு வந்தது. ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரு நூலுக்கு முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று ஏதும் இல்லை. ஓலை செல்லரித்தால் புதிய ஏட்டில் படியெடுத்தனர்; பழையதை ஆற்றில் விட்டனர். படியெடுத்தவர் பிழையும் செய்தார், முன்னவர் பிழையைத் திருத்தவும் செய்தார். நூல் ஓரிடத்தில் நில்லாமல் கை மாறிக் கை மாறி நகர்ந்துகொண்டே இருந்தது. 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும், அதே ஆண்டில் சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் அச்சேற்றியபோது, கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கி 'இதுவே பாடம்' என்று நூலை ஓரிடத்தில் நிறுத்தினர். அந்த நிறுத்தத்திற்குப் பெயர்தான் பதிப்பு. அது இல்லையேல் பக்க எண் சொல்லி மேற்கோள் காட்டவும் நம்மால் இயலாது.

கணினி உலகில் பதிப்பைக் கட்டாயமாக்கியவை நெகிழ்வட்டும் குறுவட்டும். இயங்குதளத்தை வட்டில் பொறித்து அனுப்ப வேண்டுமானால், ஒரு நாளில் வேலையை நிறுத்தி, எண்ணிட்டு, பொறித்தே ஆகவேண்டும். இந்தியாவில் லினக்ஸ் பரவியதே அப்படித்தான். 1996-இல் பிசி குவெஸ்ட் இதழ் தன் வாசகர்களுக்கு இதழோடு இணைத்துக் குறுவட்டில் லினக்சை வழங்கியது. பின்னர் 2005 முதல் 2011 வரை உபுண்டு நிறுவனத்தார் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக வட்டுகளை அஞ்சலில் அனுப்பினர். திருவண்ணாமலையில் நமக்கும் ஓர் உறை வந்தது. வெளிநாட்டு முத்திரையைக் கண்ட அஞ்சல்காரர், "சார், யாராச்சும் சொந்தக்காரங்க அனுப்பினாங்களா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. மாதக் கட்டணம் செலுத்தி எந்நேரமும் இணைப்பிலிருக்கும் அகலப்பட்டை இணையத்தை பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில்தான் தொடங்கியது. அதுவரை தொலைபேசி வழி இணைப்பில் மணிக்கணக்கைப் பார்த்துக்கொண்டு மின்னஞ்சல் படித்த ஊர்களுக்கு வட்டே வழி.

அந்த வட்டுகளின் காலத்திலேயே, அவற்றுக்கு மாறான ஓர் ஏற்பாடு கனடாவில் தொடங்கியது. ஜட் வினெட் என்பவர், பெர் லிடேன் என்னும் சுவீடன்காரர் உருவாக்கிய 'கிரக்ஸ்' என்ற எளிய லினக்சைப் பார்த்துக் கவரப்பட்டு, தமக்கென ஒன்றைச் செய்தார். 2002 மார்ச் 11 அன்று 'ஆர்ச் லினக்ஸ் 0.1' வெளிவந்தது, அதற்கு 'ஹோமர்' என்று பெயர். மென்பொருள் பொதிகளை ஏற்றவும் இறக்கவும் 'பேக்மேன்' என்னும் கருவியையும் அவரே எழுதினார். தொடக்கத்தில் இதற்கும் எண்களும் செல்லப்பெயர்களும் இருந்தன. 2007-இல் வினெட் விலகி, ஏரன் கிரிஃபின் பொறுப்பேற்ற காலத்தில் எண்கள் போய் ஆண்டும் மாதமும் வந்தன. 2008-க்குப் பின் செல்லப்பெயர்களும் போயின. இன்றும் மாதந்தோறும் ஒரு நிறுவல் கோப்பு வெளியாகிறது. அதன் பெயரில் தேதி மட்டுமே உண்டு. எந்த மாதக் கோப்பிலிருந்து நிறுவினாலும், ஒருமுறை புதுப்பித்துவிட்டால் எல்லாக் கணினிகளும் ஒரே நிலைக்கு வந்துவிடும்.

இம்முறையை 'ரோலிங் ரிலீஸ்' என்பர். தொடர் வெளியீடு எனலாம். கருனல் எனப்படும் உட்கரு, உலாவி, எழுத்துரு என ஒவ்வொன்றும் அதனதன் ஆசிரியர் வெளியிட்ட சில நாட்களில் சோதிக்கப்பட்டு நம்மை வந்தடையும். பழையதை அழித்துப் புதிய பதிப்பை நிறுவும் நாள் என்று ஒன்று வருவதே இல்லை. ஆயினும் பெரிய மாற்றங்கள் வராமல் இல்லை. 2012-இல் கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரல்தொகுப்பையே மாற்றி 'சிஸ்டம்டி'யைக் கொண்டுவந்தனர். பதிப்புடைய லினக்சுகள் இத்தகைய மாற்றத்தை அடுத்த பதிப்புக்கென ஒதுக்கிவைக்கும். ஆர்ச் பயனர்களோ ஓடுகிற தேரில் அச்சை மாற்ற வேண்டியிருந்தது. மாடவீதியில் தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுவோரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் புரியும்.

நாம் இதற்குள் வந்தது 2014-இல். அவ்வாண்டு ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுற்றது. நம்மிடம் இருந்ததோ இரண்டு ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினி ஒன்று. மேசையில் அதனினும் மூத்த ஒரு பென்டியம் பெட்டி. அடுத்த விண்டோஸ் பதிப்பு அவற்றைத் திணறடிக்கும் என்று கடைக்காரரே சொன்னார். புதிதாய் வாங்கும் நிலையில் நாம் இல்லை. ஆர்ச் லினக்ஸ் நிறுவும்போது வெறும் கருந்திரையும் மினுக்கும் கோடுமே தரும். மேசைத்திரை, ஒலி, அச்சுப்பொறி என எதுவும் நாம் கேட்காமல் ஏறாது. 2012-இல் நிறுவல் உதவியையும் எடுத்துவிட்டிருந்தனர். அது வேறு வடிவில் மீண்டது 2021-இல். அவர்களது விக்கிப் பக்கங்களை அச்சிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உரையாசிரியரைப் பின்தொடர்வது போல் வரி வரியாகத் தட்டச்சு செய்தோம். 'ஓப்பன்பாக்ஸ்' என்னும் சிறிய சாளர மேலாளரோடு நிறுத்திக்கொண்டோம். மாலையில் பார்த்தால், கணினி தொடங்கி நிற்கையில் முந்நூறு எம்பி நினைவகம்கூடச் செலவாகவில்லை. தூக்கிப்போட இருந்த பொருள் துள்ளி எழுந்தது.

ஆனால் தமிழ் தெரியவில்லை. வலைப்பக்கங்களில் எழுத்துக்கு எழுத்து கட்டங்கள். கேட்டதை மட்டும் தரும் தளத்தில் தமிழையும் கேட்டே பெற வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. லோகித் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவை ஏற்றி, 'ஐபஸ்' உள்ளீட்டுக் கருவியையும் அதற்குரிய எம்17என் விசைத்தொகுப்பையும் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைத்துவிடும். அரைமணி வேலை. அந்த அரைமணிக்குப் பின்னால் 1990-களின் இறுதி முதல் தமிழகம், இலங்கை, சிங்கப்பூர், கனடா என்று பல நாடுகளிலிருந்து கூலியின்றி லினக்சைத் தமிழாக்கியவர்களின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. 

அன்றிரவே வேறொரு சோதனையும் வந்தது. 2003-இல் ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்து அடித்த நமது முதுகலை ஆய்வேட்டின் கோப்பைத் திறந்தோம். தமிழும் இல்லை, கட்டங்களும் இல்லை; ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' குறியீடுகளை அறிவித்தது. இணையத்தில் 'திஸ்கி' வழங்கியது. தட்டச்சு நிலையங்களோ ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன. ஒருங்குறியை அரசு ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்கு முன் எழுதப்பட்டவை பலவும் குறிப்பிட்ட ஓர் எழுத்துரு இருந்தால் மட்டுமே படிக்கத்தக்கவை. அந்த எழுத்துரு குறிப்பிட்ட ஓர் இயங்குதளப் பதிப்பை நம்பியிருந்தது. சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி அந்நாளில் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பதை இப்பக்கத்தின் பழைய வாசகர்கள் அறிவர். நமது எழுத்துரு எந்த வகை என்று கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. நூற்றறுபது பக்கம் மீண்டது. அடிக்குறிப்புகளில் சில இன்றும் குழம்பியே உள்ளன. செல்லரித்த ஏட்டிலிருந்து புதிய ஏட்டிற்குப் படியெடுத்தவர் பட்ட பாட்டைப் பாடநூலில் படித்ததுண்டு. பட்டறிந்தது அந்த நான்கு நாளில்தான். அன்றிலிருந்து இன்றுவரை இயங்குதளத்தின் ஒவ்வோர் உறுப்பும் பலமுறை மாறிவிட்டது. ஒருங்குறியில் எளிய உரைக்கோப்பாகச் சேமித்த ஒரு வரியும் சிதையவில்லை.

நாள்தோறும் புழங்குவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: திங்கட்கிழமை காலை, வகுப்பு இல்லாத நேரத்தில், ஒரே ஒரு கட்டளையில் புதுப்பிப்போம். அதற்குமுன் ஆர்ச் தளத்தின் முகப்பில் ஏதேனும் எச்சரிக்கை உண்டா என்று பார்ப்பது விதி. ஒரு பொதியை மட்டும் புதுப்பித்து மற்றவற்றைப் பழையபடி விடுவது கூடாது. நூலகக் கோப்புகள் ஒன்றோடொன்று பிணங்கும். தீபத் திருவிழா நாட்களில் இலட்சக்கணக்கானோர் ஊருக்குள் நிற்க, கைப்பேசி இணையம் படுத்துவிடும், அவ்வாரம் புதுப்பிப்பதில்லை. பௌர்ணமிக்கும் அவ்வாறே. வட்டு அனுப்பினால் போதும் என்ற காலத்துக்கு நேர் எதிரான முறை இது. இணைய இணைப்பே இதன் மூச்சு.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை கண்டோம். 2016 கோடையில் இரண்டு மாதம் மடிக்கணினியைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பிவந்து கட்டளையிட்டால், பொதிகளின் கையொப்பம் செல்லாது என்று வரிசையாகப் பிழைச்செய்திகள். பொதிகளை ஒப்பமிடுவோரின் சாவிக்கொத்தும் ஒரு பொதிதான். நம்மிடம் இருந்தது பழைய கொத்து. அதை முதலில் புதுப்பித்துவிட்டுப் பிறகு மற்றவற்றை ஏற்ற வேண்டும் என்று அறிவதற்குள், மறுநாள் காலை வகுப்புக்குரிய குறிப்புகள் இன்றியே கல்லூரிக்குப் போனோம். குற்றம் முழுக்க நம்முடையதே.

இதைவிடப் பெரிய கேள்வியை எழுப்பியது 2024 மார்ச் 29. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்ஸீ' என்னும் சிறு மென்பொருளில், நல்லவர் போல் ஈராண்டுக்கு மேல் பழகிய ஒருவர் கள்ளவாசல் வைத்திருந்ததை ஆந்த்ரேஸ் பிராயிண்ட் என்னும் நிரலாளர் கண்டு வெளியிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதில் அரை நொடி தாமதம் தென்பட்டதே அவருக்குக் கிடைத்த துப்பு. நஞ்சேறிய 5.6.0, 5.6.1 ஆகியவை டெபியனின் நிலைத்த பதிப்புக்குள் நுழைந்திருக்கவில்லை. நமது கணினியில் 5.6.1 உட்கார்ந்திருந்தது. ஆர்ச் லினக்ஸின் கட்டமைப்பு வேறு என்பதால் அக்கள்ளவாசல் இங்கே திறக்கவில்லை என்று பின்னர் தெளிந்தது. அது நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். புதியதை உடனே பெறுபவன் புதிய நஞ்சையும் உடனே பெறுவான். சான்றோர் பல ஏடுகளை ஒப்பிட்டு நிறுத்திய பாடத்திற்கு உள்ள காவல் படியெடுத்த ஏட்டுக்கு இல்லை.

ஆகவே அரசு நிறுவனங்கள் பதிப்புடைய லினக்சையே தேர்ந்தது குறித்து நமக்கு மாறுபாடு இல்லை. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக சி.உமாசங்கர் இருந்தபோது அங்கே சூசி லினக்ஸ் புகுந்தது. சி-டாக் நிறுவனம் 2007-இல் டெபியனை அடியொற்றி 'பாஸ்' லினக்சை வெளியிட்டது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோசோடு பாஸ் லினக்சும் அதில் இருந்தது. இலட்சக்கணக்கான பிள்ளைகளிடம் வாரந்தோறும் மாறும் தளத்தைக் கொடுத்திருந்தால் கேட்பார் யார், சொல்வார் யார்? நமக்குத் தெரிந்தவரை பெரும்பாலோர் அந்த லினக்சைத் திறந்தே பார்க்கவில்லை. அதில் நமக்கு வருத்தம் உண்டு. ஆசிரியர்களாகிய நாமே திறந்து காட்டவில்லை என்பதில் கூடுதல் வருத்தம். அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ஞாயிறுதோறும் கூடி ஊர்ப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். இங்கே அப்படியொன்று வேரூன்றவில்லை.

பென்டியம் பெட்டியின் கதை மிச்சமிருக்கிறது. 2017 பிப்ரவரி 6 அன்று அருணாசலேசுவரர் கோயில் குடமுழுக்கு. ஊரே கோபுரங்களை அண்ணாந்து நின்ற அந்த வாரத்துக்குச் சற்று முன்புதான், 32 பிட் செயலிகளை இனித் தாங்கமாட்டோம் என்று ஆர்ச் லினக்ஸ் அறிவித்திருந்தது. நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. பழைய பதிப்பிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றால், இங்கே பழைய பதிப்பு என்று ஒன்று கிடையாதே! நகரும் வண்டியில் இடமில்லை என்றால் இறங்கத்தான் வேண்டும். பெட்டி கேட்பாரற்று நிற்கும் என்று நினைத்தோம். 'ஆர்ச் லினக்ஸ் 32' என்ற பெயரில் தன்னார்வலர்கள் தொடர்ந்தனர். சில ஆண்டுகள் அதில் ஓட்டினோம். பிறகு டெபியனுக்கு மாற்றினோம். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-உம் 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. அதற்கு முந்தைய 12-ஆம் பதிப்புக்கோ 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு.

இப்போது அப்பெட்டியில் இருப்பது அந்தப் பன்னிரண்டாம் பதிப்புதான். ஆய்வேட்டின் குழம்பிய அடிக்குறிப்புகளை, அச்சுப்படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாலை வேளைகளில் அதில்தான் திருத்தி வருகிறோம். நாற்பத்தொன்றாம் பக்கம் வரை வந்திருக்கிறோம்.