சிறு காற்றாலையும் பழுதுபார்க்கும் அறிவும்: ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொறியை முதலில் ஆக்கியவர் யார் என்று வினவும் ஆய்வாளர், அதனைத் தொடர்ந்து இயங்கச் செய்தவர் யார் என்று வினவுவது அரிது. வீட்டளவிற் செய்யப்படும் காற்று மின்பிறப்பாக்கியின் வரலாற்றிலோ இரண்டாவது வினாவே முதன்மையானது.

1920களிலும் 1930களிலும் அமெரிக்கச் சமவெளிக் கமக்காரர் பலர், பழைய மோட்டார் வாகனங்களின் மின்பிறப்பாக்கிகளில் மர இறக்கைகளைப் பொருத்தி, வானொலிக்கும் விளக்குக்கும் வேண்டிய பற்றரிகளை மின்னேற்றினர். மொன்ரானாப் பண்ணையொன்றில் இவ்வாறு முயன்ற மார்செலஸ் ஜேக்கப்ஸ் பின்னர் மினியாப்பொலிஸில் தொழிற்சாலையே நிறுவினார். 1936ஆம் ஆண்டின் கிராமிய மின்மயமாக்கற் சட்டத்தைத் தொடர்ந்து மின்கம்பிகள் பண்ணைகளை அடைந்தன. காற்றுப்பொறிகள் கேட்பாரற்றுப் போயின. பழுதுபார்க்க இயலாமையன்று, பழுதுபார்க்கும் தேவை அற்றுப்போனமையே அவற்றின் வீழ்ச்சிக்குக் காரணமாகும். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், கைவிடப்பட்டுக் கிடந்த ஜேக்கப்ஸ் பொறிகளைத் தேடியெடுத்துச் செப்பனிட ஒரு புதிய தலைமுறை முன்வந்தது.

அதே தசாப்தத்தில் ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள ஸ்கொறெய்க் என்னும் குடாநாட்டில் ஹியூ பிகொற் என்பவர் குடியேறினார். வாகனம் செல்லும் பாதையோ பொது மின்விநியோகமோ அங்கில்லை. படகில் அல்லது நடந்தே செல்லவேண்டும். பழுதுபார்ப்பவரை வெளியிலிருந்து அழைப்பது எளிதன்று. எனவே தம் கையால் திருத்தக்கூடிய பொறியையே அங்குள்ளோர் ஆக்கவேண்டியதாயிற்று. கழிக்கப்பட்ட வாகனங்களின் சில்லுக்குடமும் பிரேக் ட்ரம்மும் மூலப்பொருளாயின. பல ஆண்டு அனுபவத்தின்பின் பிகொற் தம் முறைகளை நூல்களாக எழுதியும் பயிற்சி வகுப்புகளில் கற்பித்தும் பரப்பினார்.

அவ்வமைப்பின் ஒவ்வொரு கூறும் பராமரிப்பை முன்னிட்டதாகும். கம்பம் அடியிற் கீலும் பக்கங்களில் இழுகம்பிகளும் உடையது. ஆதலால் மேலேறாமலே பொறியை நிலத்துக்கு இறக்கலாம். கடுங்காற்றில் வால் மடிய, சுழலி காற்றின் நேர்வழியிலிருந்து தானே விலகும். மின்வடங்களை ஒன்றோடொன்று குறுக்கிணைத்தால் சுழற்சி தணியும். பற்றரியின் இணைப்பு அறுந்தாலோ, சுமையிழந்த பொறி கட்டுக்கடங்காது விரையும். இதனாற் பராமரிப்போர் இறக்கையின் முன்விளிம்புத் தேய்வையும், போதிகைகளையும், திருகாணிகளின் இறுக்கத்தையும், பற்றரிநீரின் மட்டத்தையும் மட்டுமன்றி, ஒவ்வோர் இணைப்பையும் ஒழுங்காகப் பார்த்தல் வேண்டும். ஓர் இறக்கையை மாற்றினால் மீண்டும் எடைச் சமன் செய்தல் இன்றியமையாதது. அன்றேல் அதிர்வு முழுக் கம்பத்தையுமே சிதைக்கும். ஈரம் புகுந்தால் நியோடைமியக் காந்தங்கள் துருப்பிடித்து வீங்கிச் சுருளோடு உராயும்.

இவ்வறிவு ஸ்கொட்லாந்தோடு நின்றுவிடவில்லை. பெருவிலும் இலங்கையிலும் உள்ளூரிலேயே உற்பத்தி செய்யத்தக்க நிலைக்காந்த மின்பிறப்பாக்கிக்கான பிகொற்றின் கைந்நூல் 2001இல் வெளிவந்தது. பொறியை மாத்திரம் இறக்குமதி செய்யும் சமூகம் அது நின்ற நாளிலே மீண்டும் இருளுக்குத் திரும்பும். ஆக்கும் முறையை அறிந்த சமூகத்துக்கோ பழுது ஒருநாள் வேலையாக முடியும்.

கண்டுபிடிப்பு ஒருமுறை நிகழ்வது. பராமரிப்பு நாள்தோறும் நிகழ்வது. எண்ணெயிட்ட கைகளுக்கும் உரிய இடத்தை அளிக்கும்போதே தொழில்நுட்ப வரலாறு நிறைவுபெறும்.