குப்பை மேட்டில் மலர்ந்த பூங்கா

அன்று பெருநாள். மதீனாப் பள்ளிவாசலில் அபிசீனிய மக்கள் ஈட்டியும் கேடயமும் ஏந்தி வீர விளையாட்டு நிகழ்த்துகின்றனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனைக் கண்டு மகிழ்ந்ததோடு அமையாது, தம் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் காண வேண்டும் என விரும்பித் தம் மேலாடையால் மறைத்து நின்றார்கள். அன்னையார் பார்த்துச் சலிக்கும் வரை, நாயகம் (ஸல்) அவர்கள் நின்ற இடம்விட்டு நகரவில்லை. இச்செய்தியை அறிவிப்பவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே.

விளையாட்டையும் உல்லாசத்தையும் வீண் பொழுதுபோக்கு என ஒதுக்கும் மனப்பான்மை நம்மிடையே இன்றும் உண்டு. தனிமனிதன் வரம்பின்றிக் களியாட்டத்தில் மூழ்குவது வேறு. ஓர் ஊர் தன் மக்களின் உடல் நலத்திற்கும் உள நலத்திற்கும் ஓரிடத்தை ஒதுக்கி வைப்பது வேறு. முன்னதை மார்க்கம் கண்டித்தது. பின்னதற்கோ மதீனாவிலேயே நாம் முன்மாதிரி காண்கிறோம்.

அங்கே குதிரைப் பந்தயம் நடைபெற்றது. பயிற்சி பெற்ற குதிரைகள் ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அத்தொலைவு ஐந்தாறு மைல் என அறிவிப்பாளர்கள் கூறுகின்றனர். பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ, ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் தூரமே வகுக்கப்பட்டது. இப்னு உமர் (ரலி) அவர்களும் இப்பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். தேர்ந்தவனுக்கு ஓர் எல்லை, தேறாதவனுக்கு வேறோர் எல்லை. வல்லவன் மட்டும் ஓடுவதற்கன்று, எளியவனும் ஓடுவதற்கே களம் என்னும் உண்மை இவ்வேற்பாட்டில் பொதிந்து கிடக்கிறது.

இனி, நைல் நதிக்கரைக்கு வருவோம். ஃபாத்திமிய்யத் தளபதி ஜவ்ஹர் 969-ஆம் ஆண்டில் கெய்ரோ மாநகருக்குக் கால்கோள் விழா எடுத்தபோது, அது அரண்மனை நகரமாகவே அமைந்தது. அங்கிருந்த காஃபூர் தோட்டம் கலீஃபாக்களுக்கே உரியதாயிற்று. குடிமக்கள் அதன் மதிலைத்தான் கண்டனர். பின்னர் மம்லூக்கியர் காலத்தில், 1470-களில், அஸ்பக் என்னும் அமீர் நகருக்கு மேற்கே பாழ்பட்டுக் கிடந்த நிலத்தைச் சீர்திருத்தி, ஏரி ஒன்றை அமைத்தார். அவர் பெயராலேயே அப்பகுதி அஸ்பகிய்யா எனப்பட்டது. நைல் பெருகும் காலத்தில் ஏரி நிறைந்தது. கரையில் மாளிகைகள் எழுந்தன. மக்கள் கூடிக் களிக்கும் இடமாகவும் அது விளங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் ஏரி வற்றவைக்கப்பட்டுப் பூங்காவாயிற்று. அதன் பின் சாலைகளும் கட்டடங்களும் அப்பூங்காவையும் சிறுகச் சிறுக விழுங்கின.

பசுமையை இழந்த மாநகரத்தின் நிலை என்ன? கெய்ரோவில் ஆளொன்றுக்குக் கிடைக்கும் பசுமைவெளி ஒரு காலடித் தடத்தின் அளவே எனக் கணக்கிட்டோர் உண்டு. நிழலில் அமர இடமின்றி, மாலை நேரத்தில் பாலங்களின் ஓரத்தில் நின்று ஆற்றுக் காற்று வாங்கும் குடும்பங்களைக் கெய்ரோ சென்றவர் அறிவர்.

இந்நிலையில்தான், 1984-ஆம் ஆண்டில் இஸ்மாயிலிகளின் தலைவராயிருந்த நான்காம் ஆகாகான் அந்நகருக்கு ஒரு பூங்காவை நன்கொடையாக அளிக்க முன்வந்தார். கெய்ரோவை நிறுவிய ஃபாத்திமிய்யரின் வழிவந்தவராகத் தம்மைக் கருதியவர் அவர். பூங்காவுக்குக் கிடைத்த இடமோ, அல் அஸ்ஹர் பள்ளிவாசலுக்குக் கிழக்கே உள்ள தர்ராஸா மேடு. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக நகரத்தார் குப்பையையும் இடிபாடுகளையும் கொட்டிக் கொட்டிக் குன்றாக்கிய இடம் அது! பரப்பு சுமார் 30 ஹெக்டேர்.

வேலை எளிதாக இருக்கவில்லை. நகரின் குடிநீருக்காக 80 மீட்டர் விட்டமும் 14 மீட்டர் ஆழமும் கொண்ட மூன்று பெருந்தொட்டிகள் அம்மேட்டிலேயே கட்டப்பட்டன. அவற்றை உள்ளடக்கிப் பூங்காவின் அமைப்பை வகுக்க வேண்டியதாயிற்று. மண்ணோ உப்பேறியது, செடி வேர்விடாதது. பதினைந்து லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணும் இடிபாடும் பெயர்த்தெடுக்கப்பட்டன. லாரிக் கணக்கில் சொன்னால் எண்பதாயிரம் சுமைக்கு மேல். நல்ல மண் பரப்பி, நாற்றங்கால்களில் வளர்த்த செடிகளை நட்டு, நீரோடைகளும் ஏரியும் அமைத்து, 2005-ஆம் ஆண்டில் அல் அஸ்ஹர் பூங்கா திறந்துவைக்கப்பட்டது. ஓர் அறிவிப்புக்கும் அது நிறைவேறுவதற்கும் இடையே இருபதாண்டுகளுக்கு மேல் சென்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மேட்டைத் தோண்டியபோது வரலாறும் வெளிப்பட்டது. சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி அவர்கள் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய நகர மதிலின் ஒரு பகுதி, ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்திற்கு, கோபுரங்களோடும் கொத்தளங்களோடும் மண்ணுக்குள்ளிருந்து தலைகாட்டியது. சிலுவைப் போர்க்காலத்தில் நகரைக் காக்க எழுந்த மதில், குப்பைக்கு அடியில் மறைந்து கிடந்திருக்கிறது! முன்னோர் தேடிய செல்வத்தின் மீது பின்னோர் குப்பை கொட்டுவது கெய்ரோவில் மட்டுமா நடக்கிறது?

மதிலுக்கு அப்பால் இருப்பது தர்புல் அஹ்மர் எனும் பழம்பெரும் குடியிருப்பு. தச்சரும் கல்தச்சரும் கைவினைஞரும் நெருங்கி வாழும் ஏழை மக்களின் பகுதி. பூங்கா அமைத்தோர் மதிலோடு தம் பணியை நிறுத்திக்கொள்ளவில்லை. அப்பகுதி இளைஞர்க்குக் கல்வேலையும் மரவேலையும் பயிற்றுவித்து, அவர்கள் கைகளாலேயே மதிலையும், உம்முஸ் சுல்தான் ஷஃபான் பள்ளிவாசல் போன்ற பழங்கட்டடங்களையும் செப்பனிட்டனர். பழுதுற்ற வீடுகள் சீராயின. சிறுதொழிலுக்குக் கடனுதவி கிடைத்தது. அண்டை வீட்டார் பசியால் வாடப் பூந்தோட்டம் மட்டும் செழிப்பது அறமாகாது என்பதை உணர்ந்து செய்த பணி அது.

இன்று அங்கே தாய்மார் அச்சமின்றி அமர்கின்றனர்; சிறார் புல்தரையில் ஓடுகின்றனர்; முதியோர் மரநிழலில் உரையாடுகின்றனர். வீட்டில் ஒரே அறையுடையவனுக்குப் பொதுப் பூங்காவே முற்றம். செல்வனுக்குத் தனித்தோட்டம் உண்டு. ஏழைக்கு ஊர்த்தோட்டத்தை விட்டால் வேறேது? பூங்காவின் பராமரிப்புக்கு நுழைவுக் கட்டணமும் உணவகங்களின் வருவாயும் உதவுகின்றன. இக்கட்டணம் வறியவர் சிலரை வாயிலிலேயே நிறுத்திவிடாதா எனும் வினா நியாயமானதே. ஆயின், வருவாயின்றி விடப்பட்ட தோட்டம் சில ஆண்டுகளில் மீண்டும் குப்பை மேடாகிவிடும் என்பதும் உண்மை. நம் முன்னோர் இச்சிக்கலுக்கு வக்ஃபு எனும் வழியைக் கண்டிருந்தனர். கடைகளின் வாடகையும் வயல்களின் விளைச்சலும் மதரஸாக்களையும் மருத்துவமனைகளையும் தண்ணீர்ப் பந்தல்களையும் பல நூற்றாண்டுகள் காத்துவந்தன. அதே வழியில் ஒரு விளையாட்டுத் திடலையோ ஒரு பூங்காவையோ காத்தால், ஏழை வீட்டுக் குழந்தை வாயிலில் நிறுத்தப்படும் நிலை நேராது.

ஓர் ஊரில் செல்வர் பலர் இருக்கலாம். வானளாவிய மினாராக்கள் இருக்கலாம். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு ஓட ஒரு திடல் உண்டா, பெண்கள் மாலையில் மூச்சு விட ஒரு நிழல் உண்டா என்று அவ்வூரின் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இல்லை என்பார்களாயின், ஊரெல்லையில் குப்பை சேரும் தரிசுநிலம் எங்கே இருக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள். அஃது இல்லாத ஊர் இராது.