அமைதிப் பள்ளத்தாக்கும் மக்கள் சுற்றுச்சூழல் கல்வியும்: கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் பங்களிப்பு

இந்தியாவில் சுற்றுச்சூழல் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பலரும் 1991ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பை அதன் தொடக்கமாகக் கொள்கின்றனர். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. ஆயின், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே கேரளத்தில் அக்கல்வி பள்ளிக்கு வெளியே, ஓர் அணைத் திட்டத்தைக் குறித்த பொது விவாதமாக நடைபெற்றது.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் கோழிக்கோட்டில் அறிவியல் எழுத்தாளர்களால் தோற்றுவிக்கப்பட்டது. மலையாளத்தில் அறிவியலை எழுதுவதே அதன் முதல் நோக்கம். சாஸ்திரகதி (1966), சாஸ்திரகேரளம் (1969), யுரேகா (1970) ஆகிய இதழ்கள் அந்நோக்கத்தில் பிறந்தவை. 1970களில் 'சமூகப் புரட்சிக்கு அறிவியல்' என்பதைப் பரிஷத் தன் முழக்கமாக ஏற்றபோது, யாருக்காக எழுதுவது என்ற வினாவும் உடன் எழுந்தது.

அவ்வினாவிற்கு விடை காணும் வாய்ப்பைக் குந்திப்புழை அளித்தது. பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரியின் தென்மேற்கு விளிம்பில் பாயும் அவ்வாற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டுவதற்குத் திட்டக்குழு 1973இல் ஒப்புதல் வழங்கியது. 1976இல் சஃபர் ஃபதேஹல்லி தலைமையிலான பணிக்குழு திட்டத்தைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. கைவிட இயலாவிடின் பின்பற்ற வேண்டிய 17 பாதுகாப்பு நடவடிக்கைகளையும் கூறியது. மாநில அரசு முதற்பரிந்துரையை விடுத்து அந்த 17ஐ மட்டும் பற்றிக்கொண்டது. மூழ்கவிருந்த காடு ஏறத்தாழ 8.3 சதுர கிலோமீட்டரே என்பது திட்ட ஆதரவாளர் வாதம். சிறிய எண்தான், ஆனால் அக்காடு சிங்கவால் குரங்கின் வாழிடம், அதன் நடுவே ஓடும் ஆற்றையே அணை மறிக்கவிருந்தது.

பரிஷத் 1979இல் வெளியிட்ட மதிப்பீட்டறிக்கை இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. அதன் ஆசிரியர் ஐவருள் தாவரவியலாளர் எம்.கே. பிரசாத், அணுப்பொறியியலாளர் எம்.பி. பரமேஸ்வரன், பொருளியலாளர் கே.பி. கண்ணன் ஆகியோர் இருந்தனர். மின் பொறியியலும் வேளாண்மையும் கற்றோர் மற்றையோர். காட்டின் அருமையைப் போற்றுவதோடு நில்லாது, இத்திட்டத்தால் கிடைக்கும் மின்சாரம் எவ்வளவு, அது யாருக்குச் செல்லும், மலபாரின் தேவையை நிறைவு செய்ய வேறு வழி உண்டா என அவ்வறிக்கை கணக்கிட்டது. வளர்ச்சி வேண்டும் என்போரை வளர்ச்சியின் கணக்கைக் கொண்டே எதிர்கொண்டமை அதன் வலிமை. பரிஷத் உறுப்பினருள் மின்வாரியப் பொறியாளரும் இருந்தமையால் இவ்விவாதம் முதலில் அமைப்பிற்குள்ளேயே நிகழ வேண்டியிருந்தது.

இதே காலத்தில் சுகதகுமாரி முதலிய கவிஞர்கள் இயற்கைப் பாதுகாப்புக் குழுவின் வழியே இயங்கினர். அவருடைய 'மரத்தினு ஸ்துதி' இயக்கத்தின் பாடலாகவே ஆயிற்று. கவிஞர் உணர்வை எழுப்பினர், பரிஷத் கணக்கைக் கற்பித்தது என்று பிரித்துக் காண்பது எளிது. எனினும் முற்றும் பொருந்தாது. 1980இல் தொடங்கிய சாஸ்திர கலா ஜாதாவில் பரிஷத்தும் பாட்டையும் வீதி நாடகத்தையும் கையாண்டு, அறிக்கையைப் படிக்க இயலாதவரிடமும் அறிவியலைக் கொண்டு சென்றது. அதே ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பின்னாளில் இக்கலைப்பயண முறையைப் பின்பற்றியது.

எம்.ஜி.கே. மேனன் குழுவின் ஆய்வுக்குப்பின் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985இல் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்தார்.

வரலாற்றாசிரியர் பலர் இவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றனர். ஆனால் அணை வேண்டாம் என்றவர்களிடம், எரிபொருளுக்கு என்ன வழி என்ற கேள்வி எஞ்சியிருந்தது. அன்றைய கேரளச் சமையலறைகள் பெரும்பாலும் விறகையே நம்பியிருந்தன. 1980களில் பரிஷத் உருவாக்கிய புகைபோக்கியுடன் கூடிய 'பரிஷத் அடுப்பு' விறகுச் செலவையும் பெண்கள் உள்வாங்கும் புகையையும் குறைக்க முனைந்தது. அடுப்பின் அளவுகள் பிசகினால் பயன் இல்லை. ஆதலால் அதை அமைக்கப் பயிற்சி பெற்றவர்கள் வீடு வீடாகச் செல்ல வேண்டியிருந்தது. சுற்றுச்சூழல் கல்வி பெண்களின் அன்றாட உழைப்பைத் தொட்டது இப்பணியில்தான் என்பது ஆய்வுகளில் உரிய இடம் பெறவில்லை. இத்தகைய ஊரகத் தொழில்நுட்பப் பணிகளுக்கென 1987இல் பரிஷத் நிறுவிய மையம், அமைதிப் பள்ளத்தாக்கு அமைந்துள்ள அதே பாலக்காடு மாவட்டத்தின் முண்டூரில் இயங்கி வருகிறது.