இடிட்டரோடு நாய்ச் சறுக்குவண்டிப் போட்டி

இடிட்டரோடு என்பது ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடைபெறும் நாய்ச் சறுக்குவண்டிப் போட்டி ஆகும். ஆங்கரேஜ் நகரில் தொடக்க விழா நடைபெறும். பெரிங் கடலோரத்திலுள்ள நோம் நகரில் போட்டி முடிவடையும். இதன் வழமையான வழி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமானது.

அலாஸ்காவின் சிற்றூர்களுக்குக் குளிர்காலத்தில் அஞ்சலையும் உணவையும் நாய்வண்டிகளே கொண்டு சென்றன. 1925 இல் நோமில் தொண்டை அடைப்பான் நோய் (டிப்தீரியா) பரவியபோது, 20 வண்டியோட்டிகள் ஏறத்தாழ 150 நாய்களுடன் தொடரோட்டமாகச் சென்று, நெனானாவிலிருந்து மருந்தை ஐந்தரை நாட்களில் சேர்த்தனர்.

1960களில் இயந்திரப் பனியூர்திகள் பரவியதால் சிற்றூர்களில் நாய் வளர்ப்பு அருகியது. இம்மரபைக் காக்க ஜோ ரெடிங்டன் முதலானோர் முயன்றதன் விளைவாக, நோம் வரையிலான முதற்போட்டி 1973 இல் நடைபெற்றது. 1985 இல் லிபி ரிடில்ஸ் இப்போட்டியில் வென்ற முதல் பெண்ணானார்.

வழியிலுள்ள நிலையங்களில் கால்நடை மருத்துவர்கள் நாய்களைப் பரிசோதிக்கின்றனர். எனினும், போட்டியின்போது நாய்கள் இறந்துள்ளதால் விலங்குரிமை அமைப்புகள் இதனை எதிர்த்து வருகின்றன.