அடுத்த பெரிய கீபோட் எப்போது வரும்?

"அண்ணை, இப்பவே வாங்கிறதோ, இல்லாட்டி அடுத்தது வருமட்டும் பொறுக்கிறதோ?" கலியாண வீடுகளிலும் திருவிழா மேடைகளிலும் வாசிக்கும் ஒரு தம்பி போன கிழமை என்னிடம் கேட்டான். பல இலட்சம் ரூபாய் விடயம். சும்மா ஒரு பதிலைச் சொல்லிவிட முடியாது.

அரேஞ்சர் கீபோட்டில் இடது கையால் கோர்ட்ஸ் பிடித்தால் ட்ரம்ஸ், பேஸ் கிற்றார், பின்னணி வாத்தியங்கள் எல்லாம் அதற்கேற்பத் தாமே கூடவரும். எங்கள் இசைக்குழு போரில் சிதறிப்போன பிறகு நான் தனியே மேடையேறியது இந்தக் கருவியின் துணையோடுதான்.

யமஹாவின் கணக்கைப் பாருங்கள். முதல் டைரோஸ் 2002இல் வந்தது. அடுத்தடுத்த பதிப்புகள் 2005, 2008, 2010, 2013 என வந்தன. 2017இல் பெயர் மாறி ஜெனோஸ் ஆனது. ஜெனோஸ்2 அறிமுகமானதோ 2023இன் இறுதியில். இரண்டு, மூன்று ஆண்டுகளாக இருந்த இடைவெளி நான்காகி, பின்னர் ஆறாகிவிட்டது. போட்டியாளர்கள் குறைந்ததே காரணம் என்பது என் எண்ணம். கே.என்.7000 வரை செய்த டெக்னிக்ஸ் இந்தத் துறையிலேயே இல்லை. ஜி-70 போன்ற பெருங்கருவிகளை ரோலண்ட் கைவிட்டுக் கனகாலம். பிஏ5எக்ஸ் தந்த கோர்க்கும், ஈவென்ட் தந்த கெட்ரோனுமே யமஹாவுக்கு இன்று உண்மையான போட்டி. அவை இரண்டின் அரேஞ்சர்களும் உருவாவது இத்தாலியின் அங்கோனா மாகாணத்தில். அக்கோடியனுக்குப் பேர்போன இடம் அது.

ஆகவே 2028க்கு முன் ஜெனோஸ்3 வருமென நான் நினைக்கவில்லை. வரும்போது என்ன இருக்கும்? கெட்ரோன் ஈவென்ட், மனிதர் வாசித்துப் பதிந்த ட்ரம்ஸை அப்படியே ஓடவிடுகிறது. யமஹாவும் அந்தப் பக்கம் இன்னும் நெருங்கும் என்று ஊகிக்கிறேன். ஆனால் அங்கே பதிவாகப்போவது எங்கள் தவிலோ உடுக்கோ அல்ல. இந்திய ஒலிகளையும் தாளங்களையும் பி.எஸ்.ஆர்-ஐ500 போன்ற மலிவு விலைக் கருவிகளில் யமஹா தருகிறது.

அதனால் எங்களுக்கு முக்கியம், நாங்களே ஒலிகளை ஏற்றக்கூடிய நினைவக இடம். ஜெனோஸில் அது 1.8 ஜிகாபைட், ஜெனோஸ்2இல் 3 ஜிகாபைட். யமஹாவின் இலவச எக்ஸ்பான்ஷன் மனேஜர் மென்பொருள் இருந்தால், ஊரிலே நல்ல தவில்காரர் ஒருவரை வாசிக்கவைத்துப் பதிந்து, அந்த ஒலியைக் கீபோட்டில் ஏற்றலாம். பொறுமை வேண்டும். ஓர் அடிக்குப் பல தடவை பதிய வேண்டியிருக்கும். எனக்கு ஒரு மழைக்காலமே போனது.

இந்த வேலைக்கு 1.8 ஜிகாபைட் தாராளம். ஆகவே தம்பியிடம் சொன்னேன்: காத்திருக்காதே, பாவித்த ஜெனோஸ் ஒன்றைத் தேடு. ஸ்பீக்கர் உள்ளே கிடையாது, அதற்கும் காசு ஒதுக்கிவை. வாங்குமுன் 76 விசைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார், தொடுதிரையின் மூலைகளையும் தொட்டுப் பார்.

ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போகிறோம்.